இலையுமில்லை, வேருமில்லை



புல்லுருவி எல்லோருக்கும் தெரியும். மாமரத்துக் கிளையில், அந்த மரத்துக்குச் சம்பந்தமில்லாத இலையோடு கொத்தாகத் தொங்கும். தோப்புக்காரர் வெட்டி எறிவார். இரண்டு மழை கழிந்தால் பக்கத்துக் கிளையில் முளைத்திருக்கும். ஒட்டுண்ணிச் செடி என்றதும் நமக்கு நினைவு வருவது அதுதான். ஆனால் புல்லுருவிக்கு இலை உண்டு, இலையில் பச்சையம் உண்டு. மரத்திடம் அது வாங்குவது பெரும்பாலும் தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும்தான். மாவுச்சத்தை வெயிலில் தானே தயாரித்துக்கொள்கிறது. பகுதி ஒட்டுண்ணி என்று பாடப்புத்தகம் சொல்வது அதனால்தான்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது புல்லுருவியின் தூரத்து உறவு ஒன்றை. அது தரைக்கடியில் மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. பச்சை இலை கிடையாது. தனக்கென்று வேர் கிடையாது. பச்சையம் துளியும் கிடையாது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் பூங்கொத்தை வெளியே நீட்டும். மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள். இப்படிப்பட்ட ஒன்றைச் செடி என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எதையெல்லாம் விட்டுக்கொடுத்த பிறகும் ஒரு செடி செடியாகவே இருக்க முடியும்? இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

செடியின் பெயர் பாலனோஃபோரா. இருபது இனங்கள் அளவில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை வெப்பநாட்டுக் காடுகளில் பரவியிருக்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது பாலனோஃபோரா ஃபங்கோசா என்ற இனம், அதிலும் இண்டிகா என்ற துணையினம். நீலகிரி, ஆனைமலை, பழனி மலைச் சோலைக்காடுகளில், இலைச்சருகு கனமாகக் கிடக்கும் நிழலில், மழை ஓயும் பருவத்தில் பார்க்கலாம். சருகை விலக்கிக்கொண்டு செம்மஞ்சள் காம்புகள் கூட்டமாக எழும்பி நிற்கும். நாலைந்து விரற்கடை உயரம், தடித்த சதை. காம்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள். இலை என்று மிஞ்சியிருப்பது அந்தச் செதில்கள்தான். உச்சியில் ஒரு தலை. வழியில் போகிறவர்கள் காளான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. பெரிய பெரிய தாவரவியலாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் துணையினத்தில் ஆண் தனி, பெண் தனி. ஆண் தலையைப் பார்த்தால் பூ என்று ஒத்துக்கொள்வீர்கள். சில மில்லிமீட்டர் அளவில் இதழ்போன்ற மடல்கள், நடுவில் மகரந்தப் பைகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிய ஒரு முடிச்சு. பெண் தலைதான் ஏமாற்றும். உருண்டையாக, செம்பழுப்பாக, தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்டதுபோல் இருக்கும். பூ எங்கே என்று தெரியாது. கைலென்ஸ் வைத்தால் அந்த வெல்வெட் பொடிப்பொடிக் கதாயுதங்களாகப் பிரிகிறது. அவையும் பூ அல்ல, மலட்டு உறுப்புகள். அவற்றின் அடியில், இண்டு இடுக்கில், நுண்ணோக்கி கொண்டு தேடினால் பெண் பூ கிடைக்கும். புல்லிவட்டம் இல்லை, அல்லிவட்டம் இல்லை. ஒரு சிறு குடுவை, அதிலிருந்து மேலே போகும் ஒரு நூல். குடுவைதான் சூலகம், நூல்தான் சூலகத்தண்டு. அவ்வளவே பூ. தாவர உலகத்திலேயே மிகச் சிறிய பெண் பூக்கள் இந்தப் பேரினத்தில்தான் இருக்கின்றன என்பது தாவரவியலாளர் பலரின் கணிப்பு. ஒரு தலையில் எத்தனை பூ என்றால் எண்ணி மாளாது. அதில் உண்டாகும் விதை தூசு மாதிரி. உள்ளிருக்கும் கருவில் சில செல்கள்தான். முளைவேர், முளைக்குருத்து என்று பள்ளியில் அவரை விதையைப் பிளந்து காட்டுவோமே, அந்தப் பிரிவினை எதுவும் இதில் வராது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் ஃபார்ஸ்டர்கள் என்று தகப்பனும் மகனும் இயற்கை ஆராய்ச்சிக்காகப் போனார்கள். 1774-இல் கப்பல் வனுவாட்டுத் தீவுக்கூட்டத்தில் டான்னா தீவை அடைந்தது. அங்கே கிடைத்ததை வைத்து அவர்கள் எழுதிய பேரினம்தான் பாலனோஃபோரா. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் லின்னேயஸின் மாணவர் துன்பெர்க் வேறொரு வேர் ஒட்டுண்ணியைக் கண்டார். கள்ளி இனத்துச் செடிகளின் வேரில் வளரும் ஹிட்னோரா அது. பூவே பாதி மண்ணுக்குள் இருக்கும். சாண நாற்றம் விட்டு வண்டுகளை உள்ளே இழுத்துச் சில நாள் அடைத்து வைக்கும். 1775-இல் துன்பெர்க் அதைக் காளான் என்றே பதிவு செய்துவிட்டார். ஆள் சாமானியரல்ல, ஜப்பானின் தாவரங்களை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிவரைக்கும் இந்தக் குழப்பம் தீரவில்லை. லண்டனில் ஜான் லிண்ட்லி 1846-இல் வெளியிட்ட பெரிய நூலில், பாலனோஃபோரா, ராஃப்ளீசியா போன்ற வேர்ப்பூக்களையெல்லாம் சேர்த்து ஒரு தனி வகுப்பே ஏற்படுத்தினார். பூக்கும் தாவரத்துக்கும் பூக்காத தாவரத்துக்கும் நடுவில் ஒரு படி. இது சரியில்லை என்று அடித்துச் சொன்னவர் ஜோசப் ஹூக்கர். 1856-இல் லின்னியன் சங்க வெளியீட்டில் பாலனோஃபோராக் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. உருவம் காளானை ஒத்திருக்கலாம். சூலகம் இருக்கிறது, மகரந்தம் இருக்கிறது, விதை இருக்கிறது. ஆகவே பூக்கும் தாவரம், நடுப்படி என்று ஒன்றும் இல்லை. வாதம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்வதற்கு அவர் அந்தத் தூசுப் பூக்களை அறுத்து அறுத்துப் படம் வரைய வேண்டியிருந்தது.

ஹூக்கரிடம் எனக்குப் பிடித்தது வேறு ஒரு செய்தி. சிக்கிம் பக்கம் இமயமலையில் சுற்றியபோது அங்குள்ளவர்கள் தேநீர் குடிக்கும் மரக்கிண்ணங்களை அவர் கவனித்தார். அழகான சுழி ரேகை உள்ள கிண்ணங்கள், திபெத் வரை வியாபாரமாயின. மரம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால், மேப்பிள், ஓக் முதலிய மரங்களின் வேரில் புடைத்திருக்கும் முண்டு. முண்டை உண்டாக்கியது பாலனோஃபோரா. ஒட்டுண்ணி பிடித்த இடத்தில் வேர் வீங்கி, அதன் நார்கள் முறுக்கிக்கொள்கின்றன. அதைக் கடைந்தால் அந்தச் சுழி ரேகை. சில கிண்ணங்களுக்கு விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் சக்தி உண்டென்று நம்பியதால் அவற்றுக்கு ஏகப்பட்ட விலையாம். தாவரவியல் நூல்களில் ஒட்டுண்ணியால் உண்டான சேதம் என்று ஒரு வரியில் போய்விடும் விஷயம், அந்த மலைச் சந்தையில் சரக்காக இருந்திருக்கிறது.

அந்த முண்டுக்குள் என்ன நடக்கிறது என்பது இந்தச் செடியின் வாழ்வில் மிக விசித்திரமான பகுதி. சாதாரணமாக ஒட்டுண்ணிகளுக்கு உறிஞ்சு உறுப்பு ஒன்று இருக்கும். அது மரத்தின் திசுவுக்குள் நுழைந்து குழாய்களோடு இணைந்துகொள்ளும். எல்லை தெளிவாக இருக்கும், இந்தப் பக்கம் செடி, அந்தப் பக்கம் மரம். பாலனோஃபோராவின் கிழங்கை அறுத்தால் அந்த எல்லை கரைந்துபோகிறது. மரத்தின் வேர்த்திசுவே கிளைபிரிந்து கிழங்குக்குள் வளர்ந்து வந்திருக்கும். மரத்தின் செல்லும் ஒட்டுண்ணியின் செல்லும் கலந்து ஒரே கற்றையாக ஓடும். ஒட்டுண்ணி மரத்துக்குள் புகுந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். மரமும் ஒட்டுண்ணிக்குள் புகுந்திருக்கிறது. ஒரு கிழங்கு, இரண்டு உயிர். இந்தக் கிழங்கை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

கிழங்கில் மாவு இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருப்பது மெழுகு. பாலனோஃபோரின் என்று பெயர். ஜாவாவில் இந்தக் கிழங்கை அரைத்து மூங்கில் குச்சியில் பூசி விளக்காக எரித்தார்கள். ஜப்பானிலும் தைவானிலும் இதிலிருந்து பறவை பிடிக்கும் பசை காய்ச்சினார்கள். மத்தியதரைக்கடல் பக்கம் சைனோமோரியம் என்ற இன்னொரு வேர் ஒட்டுண்ணி உண்டு. இது உவர்நிலப் புதர்களின் வேரில் வளர்வது, கருஞ்சிவப்பாக நிற்கும். இரத்த நிறம் இருப்பதால் இரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பி, மால்டாவை ஆண்ட வீரத்துறவியர் கோசோ தீவை ஒட்டிய ஒரு பாறைக்கே காவல் போட்டு அதைப் பாதுகாத்தார்கள். அதற்கு மால்டாக் காளான் என்று பெயர் வேறு. மறுபடியும் காளான்!

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பச்சையில்லாத செடி எல்லாம் மரத்து வேரைப் பிடித்துக்கொள்வதில்லை. இமயமலையில் மோனோட்ரோபா என்று வெள்ளை வெளேரென்று ஒரு செடி பூக்கும். அதன் வேரைச் சுற்றிப் பூஞ்சை மூடியிருப்பதை 1880-களில் போலந்துக்காரர் கமியென்ஸ்கி காட்டினார். 1960-இல் ஸ்வீடனில் பியோர்க்மன் கதிரியக்கச் சர்க்கரையை மரத்தில் செலுத்திப் பார்த்தபோது அது பூஞ்சை வழியாக மோனோட்ரோபாவுக்கு வந்து சேர்ந்தது. அது பூஞ்சையைத் தின்னும் செடி. நம் மலைகளில் எபிபோஜியம் என்ற இலையில்லா ஆர்க்கிடும் அந்த ரகம். இன்றைக்கு அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்த நிலைக்கு ஒரு செடி எப்படி வந்து சேர்கிறது? ஒரே நாளில் யாரும் பச்சையைத் துறப்பதில்லை. வழியின் முதல் படியைப் பார்க்க நாம் ஜாவாவுக்கும் மால்டாவுக்கும் போக வேண்டாம், ஜவ்வாது மலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் போனால் போதும். சந்தன மரம் ஒரு வேர் ஒட்டுண்ணி. பாலனோஃபோராவும் புல்லுருவியும் சந்தனமும் ஒரே தாவரத் துறையைச் சேர்ந்தவை. அந்தத் துறைக்குப் பெயரே சந்தனத்தின் பெயர்தான். பச்சை இலையோடு கம்பீரமாக நிற்கும் சந்தனம் மண்ணுக்கடியில் பக்கத்து மரங்களின் வேரில் உறிஞ்சு உறுப்புகளைப் பதித்திருக்கும். இதை 1871-இல் முதலில் கண்டு சொன்னவர் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் இருந்த ஜான் ஸ்காட். டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த தோட்டக்காரர் அவர். பிறகு சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் பார்பர் 1906, 1907 ஆண்டுகளில் சந்தன வேரின் உறிஞ்சு உறுப்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்த அதே பார்பர்தான். கரும்பால் பெயர் வாங்கியவரின் சந்தன வேலையை யாரும் இப்போது பேசுவதில்லை.

சந்தனம் நட்டவர்கள் இந்த அரங்கில் இருந்தால் இதையெல்லாம் அவர்களுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றங்கால் பையில் சந்தனக் கன்றோடு துவரையையோ பொன்னாங்கண்ணியையோ சேர்த்து விடுகிறார்கள். தோட்டத்தில் நடும்போது பக்கத்தில் சவுக்கு வைக்கிறார்கள். துணைச்செடி இல்லாமல் விட்டால் கன்று சில மாதம் நன்றாகவே இருக்கும், பிறகு வெளிறிக் குன்றிப்போகும். முந்நூறுக்கும் மேற்பட்ட செடி மரங்களின் வேரில் சந்தனம் ஒட்டுவதாகக் கணக்கு. ஆகவே திருட்டு என்று பேசுவதானால் கோயிலில் அரைத்துப் பூசுகிற சந்தனத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நாம் பாலனோஃபோராவைப் பார்த்து முகம் சுளிப்பதும் சந்தனத்தைப் பார்த்துக் கையெடுப்பதும் வாசனையின் பேரில்தான்.

சந்தனம் எடுப்பது முக்கியமாகத் தண்ணீரும் தாதுக்களும். அங்கிருந்து ஒரு செடி சர்க்கரையையும் மரத்திடமே வாங்கிக்கொள்ளத் தொடங்கினால் இலைக்கு வேலை குறைகிறது. வேலை குறைந்த உறுப்பு நிலைப்பதில்லை. ஆனால் இலை போனால் இன்னொரு தொல்லை வரும். மரத்தின் நீர்க்குழாயிலிருந்து சாற்றை இழுப்பது எப்படி? பச்சைச் செடிகளில் இலை நீராவியை வெளிவிடுவதால்தான் கீழிருந்து நீர் ஏறுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் செடிக்கு நீராவி விட இடமேது? ஐரோப்பாவில் ஹேசல், ஆல்டர் மரங்களின் வேரில் வளரும் லாத்ரேயா இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அதன் இலைகள் மண்ணுக்கடியில் தடித்த வெள்ளைச் செதில்களாக, பல்வரிசைபோல் இருக்கும். ஒவ்வொரு செதிலுக்குள்ளும் வளைந்த குழிகள், குழியின் சுவரில் சுரப்பிகள். அந்தச் சுரப்பிகள் தண்ணீரைத் திரவமாகவே மண்ணுக்குள் வெளியேற்றுகின்றன. வெளியேற வெளியேற, மரத்திலிருந்து புதுச் சாறு உள்ளே வருகிறது. இலை உணவு தயாரிக்கும் வேலையை இழந்து பம்பு வேலைக்கு மாறிவிட்டது. குழிகளைப் பார்த்த வியன்னாப் பேராசிரியர் கெர்னர் இது பூச்சி பிடிக்கும் பொறியாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். இல்லை என்று பின்னால் தெரிந்தது. அவர் சந்தேகித்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இலை போயிற்று, வேர் போயிற்று. பச்சையம் போயிற்று என்பதற்கு என்ன அர்த்தம்? செல்லுக்குள் பசுங்கணிகம் என்று ஒன்று உண்டு. பச்சையம் இருக்கும் இடம் அது. அதற்கென்று தனி மரபணுத் தொகுதி இருக்கிறது. பச்சைச் செடிகளில் அது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் எழுத்து நீளம், நூற்றுக்கு மேல் மரபணுக்கள். பச்சையைத் துறந்த செடியில் அந்தத் தொகுதி என்ன ஆகும்? முதல் முழு விடை 1992-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பீச் (beech) மரத்தின் வேரில் மட்டுமே வளரும் எபிஃபேகஸ் என்ற பழுப்பு நிறச் செடி. அதன் கணிகத்தில் எழுபதாயிரத்து இருபத்தெட்டு எழுத்துகளும் 42 மரபணுக்களும் இருந்தன. ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் எல்லாம் அடியோடு போயிருந்தன. ஆனால் மீதி இருந்தது, இயங்கிக்கொண்டும் இருந்தது.

ஏன் இருந்தது என்பதுதான் விஷயம். நாம் கணிகம் என்றால் பச்சையம் என்றே படித்துவிட்டோம். கொழுப்பமிலம், சில அமினோ அமிலங்கள், சுவாசத்துக்கு வேண்டிய ஹீம் என்ற பொருளின் மூலக்கூறு, இவையெல்லாம் செடியில் தயாராவதும் அதே கணிகத்துக்குள்தான். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்ற குடும்பம் அடுப்பை மட்டும் விற்காமல் வைத்திருப்பதுபோல, ஒட்டுண்ணி எல்லாவற்றையும் விட்டபின்னும் இந்த வேலைகளுக்கான மரபணுக்களை வைத்திருக்கிறது.

பாலனோஃபோராவின் கணிகத்தை 2019-இல் படித்து வெளியிட்டார்கள். நீளம் பதினைந்தாயிரத்து ஐந்நூறு எழுத்து. பச்சைச் செடியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. மரபணுக்கள் 19. மரபணுக்களுக்கு நடுவே இடைவெளி அநேகமாக இல்லை. சில ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அதைவிட ஆச்சரியம், மரபணு மொழியில் நான்கு எழுத்து உண்டல்லவா, அதில் ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளே 88 சதவீதம். மற்ற இரண்டும் அநேகமாக ஒழிந்துவிட்டன. இதன் விளைவாகவோ என்னவோ, எல்லா உயிர்களிலும் அநேகமாக மாறாமல் வரும் மரபணு அகராதியிலேயே ஒரு சொல் மாறியிருக்கிறது. டி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து வந்தால் புரதம் அங்கே முடிகிறது, நிறுத்து என்று பொருள். பாலனோஃபோராவின் கணிகம் அதை நிறுத்து என்று படிப்பதில்லை. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சேர் என்று படிக்கிறது. இதைப் படித்தபோது தட்டச்சுப் பிழையோ என்று இரண்டு தரம் பார்த்தேன். இவ்வளவு சிதைந்த பிறகும், சோதித்துப் பார்த்த மரபணுக்கள் அனைத்தும் இயங்குகின்றன.

இதற்கும் அப்பால் போனது ராஃப்ளீசியா. ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் உலகத்தின் பெரிய பூ; மரவேரில் அல்லாமல் காட்டுக் கொடிகளில் வாழ்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு ராஃப்ளீசியா ஒன்றில் 2014-இல் தேடியபோது கணிகத்தின் மரபணுத் தொகுதி கிடைக்கவே இல்லை. அடுப்பையும் விற்றுவிட்டதுபோல் தெரிகிறது.

கணிகத்தில் மட்டுமல்ல, உட்கருவிலும் இதே கதை. 2023-இல் பாலனோஃபோராவின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. மற்றச் செடிகளில் பொதுவாக இருக்கும் மரபணுக்களில் 28 சதவீதம் இதில் இல்லை. அருணாசலப் பிரதேசக் காடுகளிலும் இருக்கும், ராஃப்ளீசியாவின் உறவான சாப்ரியாவில் 38 சதவீதம் இல்லை. இரண்டும் வெவ்வேறு கால்வழி. ஆனால் இழந்த பட்டியல் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அப்சிசிக் அமிலம் என்று ஒரு ஹார்மோன் உண்டு, வறட்சி வந்தால் செடிகள் சுரப்பது. பாலனோஃபோராவில் அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் காணோம். ஆனால் பூங்கொத்தில் அந்த ஹார்மோன் நிறைய இருக்கிறது, அதற்குக் கட்டுப்படும் மரபணுக்களும் இருக்கின்றன. மரத்திடமிருந்தே வருகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். அதாவது சோற்றை மட்டுமல்ல, செய்தியையும் மரத்திடம் வாங்குகிறது.

செய்தி என்றதும் புகையிலைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பகைவன் நினைவுக்கு வருகிறது. ஒரபாங்கி, புகையிலைக் காளான். இதுவும் பச்சையில்லாத பூச்செடிதான், பெயரில் மட்டும் காளான். ஒரு செடி லட்சத்துக்கும் மேல் விதை போடும். விதை பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் கெடாமல் கிடக்கும். பக்கத்தில் வேர் வந்தால் மட்டுமே முளைக்கும். வேர் வந்தது எப்படித் தெரிகிறது? வேர் கசியவிடும் ஒருவகைப் பொருளை முகர்ந்து. அந்த வகையில் முதலாவதை 1966-இல் பருத்தி வேரிலிருந்து பிரித்தார்கள். தன்னைக் கொல்ல வருபவனுக்கு முகவரி கொடுக்கும் பொருளை வேர் ஏன் கசியவிட வேண்டும்? நாற்பது வருஷம் இந்தக் கேள்வி நின்றது. 2005-இல் ஜப்பானில் பதில் கிடைத்தது. வேருக்கு பாஸ்பரஸ் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல பூஞ்சைகளை அழைப்பதற்காகத்தான் அது கசிகிறது. நண்பனை அழைத்த குரலை ஒட்டுண்ணியும் கேட்டுவிடுகிறது. அழைக்காமல் இருந்தால் வேருக்குப் பட்டினி.

மறுபடியும் பாலனோஃபோராவுக்கு வருகிறேன், இனப்பெருக்கத்துக்கு. இலை, வேர், பச்சையம் என்று எல்லாவற்றையும் விட்ட செடி பூவை விடவில்லை. ஆனால் தகப்பனை விட்டுவிட்ட இனங்கள் உண்டு. ஜாவாவில் போகோர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ட்ரோய்ப் 1898-இல் பாலனோஃபோரா எலாங்காட்டாவில் மகரந்தம் சேராமலே விதை உண்டாவதைக் கண்டார். ஜப்பானிய இனம் ஒன்றில் ஆண் செடியையே யாரும் பார்த்ததில்லை. எல்லாம் பெண், எல்லாம் விதைக்கிறது.

அந்தத் தூசு விதையைச் சுமந்து போவது யார்? வட அமெரிக்காவில் ஓக் மர வேரில் வளரும் கோனோஃபோலிஸைக் கருங்கரடிகள் வசந்தத்தில் தேடித் தின்கின்றன. ஜப்பானின் தெற்கே அமாமி ஓஷிமா தீவில் இன்னும் ருசிகரமான ஏற்பாடு. அங்கே குட்டைக் காதும் கறுத்த ரோமமுமாக ஒரு முயல் இருக்கிறது. உலகத்திலேயே இரண்டு தீவுகளில் மட்டும் வாழ்வது, அழியும் நிலையில் இருப்பது. அது இரவில் வந்து பாலனோஃபோராவின் பூத்தலையையும் சதைச் செதில்களையும் கடித்துத் தின்பது தானியங்கிக் கேமராக்களில் பதிவானது. முயலின் புழுக்கைக்குள் உயிருள்ள விதைகள் இருந்தன. 2023-இல் இது வெளியானது. பழமாகக் கொடுக்கச் சதை இல்லாத செடி, தன் உடம்பையே கூலியாகக் கொடுக்கிறது. முயலுக்கு வளை மர வேர்களுக்கு நடுவில். விதைக்கு வேண்டியதும் வேர்தான்.

கடைசியாக, எங்கே பேசினாலும் கேட்கப்படும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். மரம் பட்டுப்போகுமா? வயலில் புகையிலைக் காளானும், சோளக்கொல்லையில் சுடுமல்லி என்ற வேர் ஒட்டுண்ணியும் பயிரைக் கெடுப்பது உண்மை. அது ஓராண்டுப் பயிர், ஒரே இனம், பக்கத்தில் பக்கத்தில். ஒட்டுண்ணிக்கு நாமே விரித்துக் கொடுத்த பந்தி. சோலைக்காட்டில் பெருமரத்தின் எத்தனையோ வேர்களில் ஒன்றைப் பிடித்திருக்கும் பாலனோஃபோராவால் மரம் சாவதில்லை. மரம் செத்தால் முதலில் சாவது அதுதான். இன்னொன்று, இதைத் தோண்டிக்கொண்டுபோய்த் தொட்டியில் வைக்க முடியாது. வேரை அறுத்த உடனே கிழங்கு உங்கள் கையில் அழுகத் தொடங்குகிறது. அதைக் காப்பாற்ற ஒரே இடம் அந்த மரம் நிற்கும் சோலை.

கல்லூரி மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். வனத்துறை அனுமதியோடு சோலைக்குப் போனால் கிழங்கைத் தோண்டாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஆண் தலை எத்தனை, பெண் தலை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பகலில் எறும்பும் ஈயும் வந்தால் எந்தத் தலைக்கு வருகின்றன என்று பாருங்கள். கடித்த தலை கிடந்தால் பல் தடத்தைப் படமெடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. தேதியும் உயரமும் குறித்துக்கொண்டு மறு வருஷம் அதே இடத்துக்கு, அதே வாரத்தில் போங்கள். அட்டை ஏறும், உப்புத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.